பெர்பெத்துவா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்

ஒகோலா பெரிய முடிவு ஒன்று எடுத்தான். இனிமேல் கண்ட டிப்ஸையும் நம்பிக் கால்பந்தில் பந்தயம் கட்டப்போவதில்லை. நல்ல டிப்ஸை மட்டும் நம்பிக் கட்டப்போகிறான்.

சனிக்கிழமை சாயங்காலம், தன் சலூன் கண்ணாடி முன்னால் நின்று, முடிவெட்டும் மிஷினைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு இதை அறிவித்தான். கேட்டது மூன்று பேர். முதல் ஆள் பாதி வெட்டிய தலையோடு நாற்காலியில் இருந்தார். அவரால் எழுந்து ஓட முடியாது. இரண்டாவது ஆள் ஒபியேரோ. பைக் டாக்ஸி ஓட்டுகிறவன் என்று பெயர். அவன் பைக் டயர் தேய்ந்ததைவிட ஒகோலாவின் பெஞ்ச் தேய்ந்ததுதான் அதிகம். மூன்றாவது ஆள் ஒகோலாவின் மனைவி அகேயோ. சப்பாத்தியும் பீன்ஸும் கொண்டுவந்தவள், தட்டைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"இன்னைக்கு எந்த ஊர்க்காரன் கவுத்தான்?"

"பின்லாந்து."

"பின்லாந்து எங்க இருக்கு?"

"மேல."

"மேலன்னா?"

"குளுருற பக்கம்."

"அந்தக் குளுருல ஓடுற பதினோரு பேர நம்பி, கிசுமுல ஒருத்தன் குடும்பத்துக் காசைக் கட்டியிருக்கான்னு அவங்களுக்குத் தெரியுமா? தெரிஞ்சிருந்தா பாவம், கொஞ்சம் வேகமா ஓடியிருப்பாங்க."

நடந்தது இவ்வளவுதான். கென்யாவில், கிசுமு நகரத்தின் கொண்டேலே பகுதியில் பந்தயச் சீட்டைப் 'பாய்' என்பார்கள். பத்துப் பன்னிரண்டு ஆட்டத்தை ஒன்றோடு ஒன்று பின்னிக் கட்டுவதால் அந்தப் பெயர். எல்லாம் சொன்னபடி முடிந்தால் அந்தப் பாயில் கால் நீட்டிப் படுக்கலாம். ஒன்று தப்பினாலும் பாய் கிழிந்தது, மொத்தமும் போச்சு. அன்றைக்கு ஒகோலாவுக்குப் பன்னிரண்டில் பதினொன்று சரி. பன்னிரண்டாவது பின்லாந்து இரண்டாம் டிவிஷன். பெயரைப் படிக்கவே மூச்சு வாங்குகிற ஒரு அணி.

"பதினொன்னு சரியா சொல்லியிருக்கேன் பாத்தியா, லாவெண்டர் அம்மா. இன்னும் ஒன்னுதான் பாக்கி. நல்ல டிப்ஸ்காரன் ஒருத்தன் கெடைச்சா அந்த ஒன்னும் சரியாயிடும்."

"எட்டு வருஷமா அந்த ஒன்னுதான் பாக்கி, லாவெண்டர் அப்பா." லாவெண்டர் அவர்கள் மகள்; இருவரும் ஒருவரையொருவர் கூப்பிடுவது அவள் பேரை வைத்துத்தான்.

இது வெறும் சண்டை என்றால் இங்கேயே விட்டுவிடலாம். ஆனால் நடுவில் ஒரு அறை இருந்தது. ஒகோலாவின் சலூனை ஒட்டி, ராபுரு என்கிற கிழவரின் கட்டடத்தில், போன் ரிப்பேர்க் கடை காலியாகியிருந்தது. மூன்று மாத வாடகை முன்பணம், பதினெட்டாயிரம் ஷில்லிங். செப்டம்பர் முடிவதற்குள் யார் கொண்டுவந்து கொடுத்தாலும் அறை அவர்களுக்கு. கிழவர் கணவன், மனைவி என்று பார்க்கிற ஆள் இல்லை.

ஒகோலாவுக்கு அந்த அறையில் இரண்டாவது நாற்காலி வேண்டும். சாய்கிற நாற்காலி. எதிரே பெரிய டிவி. சாய்ந்துகொண்டே ஷேவிங், சாய்ந்துகொண்டே கால்பந்து. அகேயோவுக்கு அந்த அறையில் ஒரு கூரை வேண்டும். அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. சாலையோரத்தில் ஒரு கிழிந்த குடைக்குக் கீழே, கரி அடுப்பு வைத்து, சப்பாத்தியும் பீன்ஸும் விற்கிறாள். அக்டோபரில் மழை வந்தால் அடுப்பைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். போன வருஷம் ஓடியதில் ஒரு பானை பீன்ஸ் சாக்கடையில் போனது. அவள் அதற்கு அழவில்லை. ஆனால் அந்த இடத்தைத் தாண்டும்போது இன்னும் அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள்.

"யார் முதல்ல பணம் கட்டுறாங்களோ அவங்களுக்கு" என்று இருவரும் பேசி முடித்திருந்தார்கள். ஒகோலா கை குலுக்கி ஒப்புக்கொண்டான். பந்தயத்தில் ஜெயித்து ஒரே சனிக்கிழமையில் கட்டிவிடலாம் என்பது அவன் கணக்கு.

ஆக, எந்த அணி ஜெயிக்கும் என்று காசுக்கு முன்கூட்டியே சொல்கிற, நம்பகமான டிப்ஸ்காரன் வேண்டும்.

முதலில் சேர்ந்தது டாக்டர் ஜாக்பாட்டிடம். போனில் அவருடைய படம் இருந்தது. யாருடைய காரிலோ சாய்ந்துகொண்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப். கால்பந்துக்கு ஸ்டெதாஸ்கோப் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. மாதச் சந்தா ஐந்நூறு. ஒகோலாவும் கட்டினான், ஒபியேரோவும் கட்டினான். டாக்டருக்கு ஒரு கண்டிப்பான விதி உண்டு. டிப்ஸை இன்னொரு ஆளுக்குக் காட்டக் கூடாது. காட்டினால் பலிக்காது, சந்தாவும் போய்விடும். அதனால் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்த இருவரும், பரீட்சையில் பதிலை மறைக்கிற பையன்களைப் போல, போனைக் கையால் மூடிக்கொண்டு பந்தயம் கட்டினார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் தொடங்கியது. சலூன் மூலையிலிருந்த குட்டி டிவியில் சிவப்புச் சட்டைக்கும் நீலச் சட்டைக்கும் மோதல். சிவப்பு கோல் போட்டது. ஒகோலா எழுந்து குதித்தான். ஒபியேரோ தலையில் கை வைத்தான். நீலம் கோல் போட்டது. ஒபியேரோ குதித்தான். ஒகோலா தலையில் கை வைத்தான். அகேயோ வாசலில் சப்பாத்தி சுருட்டிக்கொண்டே இதைப் பார்த்தாள். மூன்றாவது கோலுக்கு உள்ளே வந்துவிட்டாள்.

"ஒபியேரோ, உனக்கும் இவருக்கும் ஒரே டாக்டர்தானே?"

"ஆமா, அண்ணி."

"ரெண்டு பேருக்கும் ஒரே நோய்தானே?"

"ஆ... ஆமா."

"அப்புறம் ஏன் ரெண்டு மருந்து? போனைக் குடுங்க ரெண்டு பேரும்."

கொடுத்தார்கள். அவள் கேட்கும்போது கொடுக்காமல் இருந்து பழக்கமில்லை. இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். ஒகோலாவுக்கு டாக்டர் எழுதியிருந்தார்: 'சிவப்பு ஜெயிக்கும், நூறு சதவீதம்.' ஒபியேரோவுக்கு எழுதியிருந்தார்: 'நீலம் ஜெயிக்கும், நூறு சதவீதம்.'

"இருநூறு சதவீதம் ஆச்சு" என்றாள் அகேயோ. "நூறு பேருக்கு சிவப்பு, நூறு பேருக்கு நீலம். தோத்தவன் திட்டிட்டுப் போயிடுவான். ஜெயிச்சவன் அடுத்த மாசச் சந்தா கட்டுவான், பத்துப் பேருகிட்ட சொல்லவும் செய்வான். இந்த டாக்டருக்குப் பந்து உருண்டையா சதுரமான்னுகூடத் தெரிய வேண்டாம்."

ஒபியேரோ தன் போனைத் திரும்ப வாங்கிக்கொண்டான். "ஆனா யாரோ ஒருத்தருக்கு சரியாத்தானே சொல்லியிருக்காரு?"

"நீ போய் பைக்க ஓட்டு."

ஒகோலாவுக்குக் கோபம் வந்தது. டாக்டர் மேல் பாதி, மனைவி மேல் பாதி. "எல்லாம் தெரிஞ்ச மாதிரி பேசறியே. நல்ல டிப்ஸ்காரனை எப்படிக் கண்டுபிடிக்கிறதுன்னு உனக்குத் தெரியுமா?"

"எனக்குப் பந்து தெரியாது. தக்காளி வாங்கத் தெரியும். தக்காளிக்காரிகிட்ட மூணு விஷயம் பாப்பேன். அழுகினதையும் சேத்துக் காட்டுறாளா. எல்லாருக்கும் ஒரே கூடையிலருந்து எடுத்துத் தர்றாளா. அவ்வளவு நல்ல தக்காளின்னா அவ வீட்டுல ஏன் சமைக்காம விக்கிறா. மூணுக்கும் நேரா பதில் சொன்னா வாங்குவேன். இல்லைன்னா அடுத்த கடை."

ஒகோலா அலட்சியமாகச் சிரித்தான். அவள் போனதும், ஷேவிங் சோப்பை எடுத்துக் கண்ணாடியில் எழுதினான். தலைப்பு: ஒகோலா விதிகள். ஒன்று, தோற்றதையும் சொல்கிறாயா? இரண்டு, எல்லாருக்கும் ஒரே டிப்ஸா? மூன்று, உனக்கே தெரிந்தால் நீயே ஏன் பந்தயம் கட்டவில்லை?

மறுநாள் அகேயோ கண்ணாடியைப் படித்தாள். தலைப்பையும் படித்தாள். ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் கவனமாக இருக்க வேண்டும் என்பது ஒகோலாவுக்கு எட்டு வருஷத்தில் புரிந்திருக்க வேண்டும். புரியவில்லை.

அந்த வாரம் முழுக்க மூன்று கேள்வியையும் டிப்ஸ்காரர்களுக்கு அனுப்பினான். 'பேராசிரியர் கோல்' என்றவர், தான் தோற்றதே இல்லை என்றார். எப்போதிலிருந்து என்று ஒகோலா கேட்டான். நேற்றிலிருந்து என்று பதில் வந்தது. 'ஆட்டத்தை முன்கூட்டியே பேசி முடித்தவர்' என்று ஒருவர். நாளைய ஆட்டத்தின் முடிவு கையில் இருக்கிறது, ஐயாயிரம் அனுப்பு என்றார். ஒகோலாவுக்குக் கை அரித்தது; ஆனாலும் விட்டுவிட்டான். இன்னொருவர் ஜெயித்த சீட்டுகளாகப் படம் படமாக அனுப்பினார். எல்லாச் சீட்டும் ஆட்டம் முடிந்த பிறகு அனுப்பியவை. மூன்றாவது கேள்விக்கு ஒருவர் அழுகிற முகம் அனுப்பினார். இன்னொருவர் கெட்ட வார்த்தை அனுப்பினார். அவராவது மனசில் பட்டதை அனுப்பினார்.

வியாழக்கிழமை ஒரு தொந்தரவு. மாமியார் வந்தார்.

ஒகோலாவின் மாமியாரை ஊரே நியார் அலேகோ என்று கூப்பிடும்; அலேகோவிலிருந்து வந்த பெண் என்று அர்த்தம். ஒகோலா அப்படிக்கூடக் கூப்பிட மாட்டான். மாரோ, அதாவது மாமியார். முடிந்தது. அவர்கள் வழக்கப்படி மாப்பிள்ளை மாமியாரின் கையைத் தொடக் கூடாது, எதிரே உட்கார்ந்து சாப்பிடக் கூடாது, பேரை வாயால் சொல்லவே கூடாது. இந்த மரியாதையில் ஒகோலா கெட்டிக்காரன். பேரைச் சொல்லாமல் இருக்க அவன் சுலபமான வழி வைத்திருந்தான். பேரே தெரியாது. கேட்பதே தப்பு என்று எட்டு வருஷமாகக் கேட்கவில்லை.

அன்றைக்கு மாமியார் மினி வேனிலிருந்து இறங்கி, கூடையோடு சலூன் பக்கம் வருவது கண்ணாடியில் தெரிந்தது. ஒகோலா, ஒரு ஆசிரியரின் தாடையில் நுரையை அப்படியே விட்டுவிட்டு, பின்வாசல் வழியாக வாழைகளுக்குப் பின்னால் போய்விட்டான்.

"அவங்க போயாச்சா?" என்று வாழை இலை வழியாகக் கேட்டான்.

"போன் கடைக்குப் போறோம். அம்மாவோட அடையாள அட்டைல ஒரு புது லைன் வாங்கணும்" என்றாள் அகேயோ.

"வாங்குங்க, வாங்குங்க. நெதானமா வாங்குங்க."

ஆசிரியரின் நுரை காய்ந்து போனது. அவர் பாதி விலைதான் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை காலை ஒரு புது எண்ணிலிருந்து செய்தி. 'பொலே பொலே டிப்ஸ். மெல்ல மெல்லப் போவோம். வாரச் சந்தா இருநூறு.'

படம் இல்லை. கார் இல்லை. ஸ்டெதாஸ்கோப் இல்லை. ஒகோலா மூன்று கேள்வியையும் அனுப்பினான். பதில் பத்து நிமிஷத்தில் வந்தது.

'ஒன்று. இன்னும் தோற்கவில்லை, ஏனென்றால் இன்னும் எதுவும் சொல்லவில்லை. இன்றைக்குத்தான் ஆரம்பம். தோற்றால் சொல்வேன். இரண்டு. எல்லாருக்கும் ஒரே செய்திதான். பக்கத்து ஆள் போனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மூன்று. எனக்குப் பந்து தெரியாது. பந்தயம் கட்டுபவர்களைத் தெரியும்.'

ஒகோலா மிஷினை அணைத்துவிட்டான். மூன்று தடவை படித்தான்.

"ஒபியேரோ, இந்த அடக்கத்தைப் பாரு. பந்து தெரியாதாம். எல்லாம் தெரிஞ்சவங்கதான் இப்படிச் சொல்லுவாங்க."

"நான்கூட ஒன்னும் தெரியாதுன்னு தினம் சொல்றேனே, அண்ணே."

"நீ சொல்றது உண்மை. அது வேற."

இருநூறு அனுப்பினான். பணம் போனதும், அதைப் பெற்றவரின் பேர் போனில் வந்தது: பெர்பெத்துவா அதோயோ. ஒகோலா அதை வாய்விட்டுப் படித்தான். "பெர்பெத்துவா அதோயோ. பெரிய மனுஷி பேரு. ஞாயித்துக்கிழமை தவறாம சர்ச்சுக்குப் போற பேரு. திருடன் எவனும் பெர்பெத்துவான்னு பேரு வெச்சுக்க மாட்டான்."

கொஞ்ச நேரத்தில் முதல் டிப்ஸ் வந்தது. 'இந்த வாரம் நாற்பத்தாறு ஆட்டம். ஒன்றும் சரியில்லை. பந்தயம் கட்ட வேண்டாம். காசைப் பத்திரமாக வையுங்கள்.'

இதற்கா இருநூறு என்று வேறு ஆளாக இருந்தால் கேட்டிருப்பான். ஒகோலாவும் கேட்கத்தான் நினைத்தான். ஆனால் அந்தச் சனிக்கிழமை கொண்டேலே முழுக்கப் பாய் கிழிந்தது. பெரிய அணிகள் எல்லாம் வரிசையாகக் கவிழ்ந்தன. தெருவில் ஆம்பளைகள் எல்லாம் சாவு வீட்டுக்குப் போய் வந்த முகத்தோடு நடந்தார்கள். ஒகோலாவின் ஆயிரத்தைந்நூறு மட்டும் சட்டைப் பையில் இருந்தது. அவன் அதை எடுத்து எல்லாருக்கும் காட்டினான்.

"நாற்பத்தாறையும் பாத்துட்டு ஒன்னும் வேண்டாம்னு சொல்ல எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா?" என்றான்.

இரண்டாவது வாரமும் 'வேண்டாம்'. மூன்றாவது வாரம் ஆச்சரியம்: 'ஒரே ஒரு ஆட்டம். சமநிலையில் முடியும். எழுநூறுக்கு மேல் கட்டாதீர்கள். தோற்றால் என் மேல் தப்பு.' எழுநூறு கட்டினான். ஆட்டம் ஒன்றுக்கு ஒன்று. இரண்டாயிரத்துச் சொச்சம் வந்தது. அந்த நிமிஷத்திலிருந்து ஒகோலாவை நிறுத்த முடியவில்லை. கண்ணாடியில் 'ஒகோலா விதிகள்' என்ற தலைப்பை அழித்துவிட்டு, ஒரு முழ உயரத்துக்கு எழுதினான்: பெர்பெத்துவா சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

சலூனுக்கு வந்தவர்களுக்கெல்லாம் முடி வெட்டுவதற்கு முன்னால் பெர்பெத்துவா புராணம். முடி வெட்டும்போதும் அதுதான். தலை அவன் கையில் இருந்ததால் எதிர்த்துப் பேச யாருக்கும் வசதியில்லை. ஆசிரியர் சேர்ந்தார். போலீஸ்காரர் ஒருவர் சேர்ந்தார். மீன் லாரி டிரைவர்கள் கும்பலாகச் சேர்ந்தார்கள். ஆகஸ்ட் முடிவதற்குள் முப்பத்தோரு பேர். எல்லாரும் வெள்ளிக்கிழமை இருநூறு அனுப்பினார்கள். எல்லாருக்கும் ஒரே செய்தி வந்தது. ஒப்பிட்டுப் பார்த்தார்கள். எழுத்து மாறாமல் அதே 'வேண்டாம்'.

விசித்திரமான விஷயங்கள் நடந்தன. ஆசிரியர் மனைவிக்குப் புதுச் செருப்பு வாங்கினார். லாரி டிரைவர் ஒருவன் பள்ளிக்கூடக் கட்டணத்தை முதல் நாளே கட்டிவிட்டு, அதை நம்ப முடியாமல் ரசீதோடு அலைந்தான். கொண்டேலே பொம்பளைகள் அகேயோவின் குடைக்குக் கீழே கூடிச் சிரித்தார்கள். ஒகோலா பக்கத்தில் வந்தால் சிரிப்பு நின்றுவிடும். அதைப் பொறாமை என்று ஒகோலா எடுத்துக்கொண்டான்.

"லாவெண்டர் அம்மா, உன் மூணு கேள்வி... என் மூணு கேள்வி, எப்படி வேலை செஞ்சது பாத்தியா?"

"பாத்தேன்."

"நாலாயிரம் தடவை தேடியும் கெடைக்காத ஆளைக் கண்டுபிடிச்சேன்."

"நீங்களா கண்டுபிடிச்சீங்க? அதுவா வந்துச்சு."

"நல்லது நல்லவங்களைத் தேடித்தான் வரும். என்ன, உன் குடைதான் பாவம். அறை எனக்குத்தான் கெடைக்கப் போகுது. மழை வந்தா சலூன் வாசல்ல ஒதுங்கிக்கோ, நான் ஒன்னும் சொல்ல மாட்டேன்."

"பெரிய மனசு உங்களுக்கு" என்று அகேயோ சப்பாத்தியைத் திருப்பினாள்.

செப்டம்பர் கடைசி வெள்ளிக்கிழமை. ஒகோலா காசு சேர்த்துவந்த பவுடர் டப்பாவில் பதினெட்டாயிரத்து முந்நூறு. பந்தயம் கட்டாமலே இவ்வளவு சேர்ந்துவிட்டது என்பதில் ஏதோ இடறியது. ஆனால் ஒகோலா அதிகம் யோசிக்கவில்லை. டப்பாவை அக்குளில் இடுக்கிக்கொண்டு ராபுருவின் மாடிக்கு ஏறினான். கிழவர் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார்.

"அறை போயிடுச்சு" என்றார்.

"எப்போ?"

"காலைல. பதினெட்டாயிரமும் ஒரே தடவைல போன்ல வந்துச்சு."

"யாருக்கு?"

கிழவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு போனை எட்டப் பிடித்துப் படித்தார். "பெர்பெத்துவா அதோயோ. நாளைக்கு நேர்ல வந்து கையெழுத்துப் போடுறாங்களாம்."

 ஒகோலாவுக்கு அறை போன துக்கம் மூன்று நொடி இருந்தது. நாலாவது நொடியில் முகம் மலர்ந்துவிட்டது. அவ்வளவு பெரிய ஆள், அவனுடைய பெர்பெத்துவா, அவனுடைய சலூனுக்குப் பக்கத்தில் ஆபீஸ் போடப்போகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் டிப்ஸ், இந்தப் பக்கம் சலூன். வேறு என்ன வேண்டும்? வீட்டுக்கு ஓடினான்.

"லாவெண்டர் அம்மா, அறை உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல. நம்ம பெர்பெத்துவா எடுத்துட்டாங்க. நாளைக்கு வர்றாங்க."

"அப்படியா. சட்டையை இஸ்திரி போட்டு வைக்கவா?"

"உனக்கு வருத்தமே இல்லையா?"

"எதுக்கு? நம்பிக்கையான ஆளுன்னு நீங்கதான் சொன்னீங்களே."

சனிக்கிழமை காலை பத்து மணிக்குச் சலூன் வாசலில் முப்பத்தோரு ஆம்பளைகள். எல்லாரும் அன்றைக்கு ஷேவிங் செய்திருந்தார்கள், ஒகோலாவின் உபயம். ஒபியேரோ வரவேற்புரை எழுதி வைத்திருந்தான். ஒகோலா கையில் எண்ணெய் தடவித் துடைத்து, குலுக்குவதற்குத் தயாராக நின்றான். அவரவர் மனைவிகளும் வந்திருந்தார்கள். யாரும் அழைக்கவில்லை. எல்லாரும் வாயைத் துணியால் மூடிக்கொண்டு நின்றார்கள்.

மினி வேன் வந்து நின்றது. முதலில் ஒரு கோழி இறங்கியது. பிறகு ஒரு கூடை. பிறகு மாமியார்.

ஒகோலாவின் கால்கள் யாரையும் கேட்கவில்லை. நேராக உள்ளே ஓடி, முடிவெட்டும்போது போர்த்துகிற துணியைத் தலையோடு இழுத்துப் போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான்.

"அகேயோ" என்று துணிக்குள்ளிருந்து அடிக்குரலில் கூப்பிட்டான். "மாரோ ஏன் இப்போ வர்றாங்க? முக்கியமான ஆள் வர்ற நேரம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போ."

"முக்கியமான ஆள் வந்தாச்சு."

வெளியே ராபுரு காகிதத்தை விரித்துப் படிக்கிற சத்தம் கேட்டது. "பெர்பெத்துவா அதோயோ யாரு? இங்க ஒரு கையெழுத்து."

"நான்தான்" என்றது மாமியாரின் குரல்.

 முப்பது தலைகள் ஒரே நேரத்தில் சலூன் கண்ணாடி பக்கம் திரும்பின. அங்கே, ஒரு முழ உயரத்தில், சோப்பில், மாப்பிள்ளை தன் கையால் எழுதியது. மாமியாரும் திரும்பிப் பார்த்தார். மாப்பிள்ளையிடம் நேராகப் பேசும் வழக்கமில்லை என்பதால் கதவு நிலையிடம் சொன்னார்.

"மருமவன் எம் பேரை அழகாத்தான் எழுதியிருக்காரு."

துணிக்குள் ஒகோலா எட்டு வாரத்தையும் திரும்ப ஓட்டிப் பார்த்தான். புது லைன். நியார் அலேகோவின் அடையாள அட்டை. தக்காளி.

"நீயா?" என்று அகேயோவைக் கேட்டான்.

"நான்தான். லைன் அம்மா பேருல, வெரல் என்னோடது."

"ஏமாத்திட்டியே."

"எந்த எடத்துல? பந்து தெரியாதுன்னு சொன்னேன். தெரியாது. எல்லாருக்கும் ஒரே செய்தின்னு சொன்னேன். அனுப்பினேன். காசைப் பத்திரமா வைங்கன்னு சொன்னேன். டப்பா எங்க இருக்கு?"

டப்பா இன்றைக்கும் அக்குளில்தான் இருந்தது. ஒகோலா பேச்சை மாற்றினான். "அந்தச் சமநிலை? அது எப்படித் தெரிஞ்சது?"

"எட்டு வாரத்துல ஒன்னாவது சொல்லணுமேன்னு பயந்துபோய்ச் சொன்னேன். ரெண்டு அணியோட படத்தையும் பாத்தேன். ரெண்டு பேரும் சோர்ந்துபோய் இருந்தாங்க."

அப்போது ஒபியேரோ, எப்போதும் போல உதவி என்று நினைத்து, வாயைத் திறந்தான். "அண்ணி, ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது அண்ணன் அந்தப் பேரைச் சொன்னாரு. மாமியார் பேரை. நான் எண்ணியிருக்கேன்."

கூட்டத்தில் பெரியவர்கள் சிலர் இருந்தார்கள். மரியாதைத் தப்புக்கு அபராதம் உண்டு. ஒரு தடவைக்கு ஒரு ஆடு என்று போலீஸ்காரர் ஆரம்பித்தார். அப்படிப் பார்த்தால் கென்யாவில் ஆடு மிச்சம் இருக்காது என்று ஆசிரியர் சொன்னார். கதவு நிலையிடம் மாமியார் ஏதோ முணுமுணுத்தார். தெரியாமல் செய்தது, ஒரு ஆடு போதும் என்று முடிந்தது. பவுடர் டப்பாவிலிருந்து பாதி ஆட்டுக்குப் போனது. அந்த ஆடுதான் புதுக் கடையின் முதல் நாள் விருந்து. ஒகோலா சலூனுக்குள் தனியாகச் சாப்பிட்டான், சுவருக்கு இந்தப் பக்கம், மாரோவின் கண்ணில் படாமல். குழம்பு நன்றாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டப்பாவின் மீதிப் பாதியில் ஒரு பழைய நாற்காலி வந்தது. சாய்கிற நாற்காலி. இடம் போதாமல் ஒபியேரோவின் பெஞ்சைத் தூக்க வேண்டியதாயிற்று. வேறு வழியில்லாமல் ஒபியேரோ பைக் ஓட்டத் தொடங்கினான். சலூனில் சவாரி பற்றிய புகார்கள்கூட வர ஆரம்பித்தன.

அக்டோபரில் முதல் மழை அடித்துப் பெய்தது. அகேயோவின் கடைக்குள் பெஞ்சுகள் நிறைந்து, அடுப்பு அசையாமல் எரிந்து, பானை இருந்த இடத்திலேயே இருந்தது. ஒகோலாவின் சாய்கிற நாற்காலியில் ஆசிரியர் சாய்ந்திருந்தார். வெள்ளிக்கிழமை. ஒகோலாவின் போன் அதிர்ந்தது.

'பொலே பொலே. இந்த வாரம் ஐம்பத்திரண்டு ஆட்டம். ஒன்றும் சரியில்லை. முப்பது பேர் சந்தா கட்டிவிட்டார்கள். ஒருவர் பாக்கி.'

ஒகோலா சுவரைப் பார்த்தான். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். ஒரு பைசா தர மாட்டேன் என்று ஆசிரியரின் தலைக்கு மேல் சத்தமாகச் சொன்னான். பிறகு, இந்த வாரம் பின்லாந்தும் ஆடுகிறதே என்று நினைத்துப் பார்த்தான். இருநூறை அனுப்பினான். பணம் போய்ச் சேர்ந்து திரையில் அந்தப் பேர் எழும்பியதும், ஒரு நல்ல மாப்பிள்ளையாக, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தான்.